வன்னியில் குறைந்த காசில் சத்தான சாப்பாடு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

நாங்கள் 2021 இல் கொழும்பை விட்டு வன்னிக்கு, கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் மாமியின் காணிக்கு வந்தோம். கணவருக்கு மேசன் வேலை. மாமியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வீட்டில் ஐந்து பேர். வேலை இருக்கிற கிழமை காசு வரும், மழைக் கிழமை வராது. அடுத்த வருடம் எல்லாச் சாமானும் விலையேறியபோது பாணும் நூடில்ஸும் பால்மாவுமாகவே நாளைக் கடத்தினோம்.

ஒரு கிளினிக் நாளில் மகளின் நிறையைப் பார்த்தார்கள். அவளுடைய இளஞ்சிவப்புப் புத்தகத்தில், அதாவது சுகாதார விருத்திப் பதிவேட்டில், நிறைப் புள்ளி பச்சை நிறத்தைத் தாண்டிக் கீழே செம்மஞ்சளில் விழுந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைக்கு எப்படி நிறை குறைந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். "வேலியிலை நிக்கிறதை விட்டுட்டுக் கடையிலை தேடினா எப்பிடிப் பிள்ளை?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் தட்டித் தடவிப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன். வன்னியில் நல்ல சாப்பாடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு மாதமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். லொறியில் வருவதையும் பைக்கட்டில் வருவதையும் நம்பினால் கையில் காசு தங்காது.

1. முதல் கிழமையிலேயே காகித வேலையை முடியுங்கள்

சாப்பாட்டுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். உங்களுக்கு உரித்தான உதவிகள் எல்லாம் பதிவில்தான் தொங்குகின்றன. நான் பதியாமல் இருந்த எட்டு மாதமும் எங்களுக்குக் கிடைக்கவேண்டியது எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் புதிய இடத்துக் கிராம அலுவலரிடம் போங்கள். எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய இடத்துக் கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றை இரண்டிரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். பழைய இடத்துக் கடிதத்தை அங்கிருந்து புறப்படும் முன்னரே வாங்கிவிடுங்கள். நான் அதற்காகத் திரும்பக் கொழும்புக்குப் போய்வந்ததில் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு பஸ்ஸுக்குப் போனது. கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டும். அது 6 மாதம்தான் செல்லும், அதனால் தேவை வரும்போது எடுங்கள். கிராம அலுவலர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார், எந்த நாளில் வெளியே போவார் என்று அயலில் கேட்டுக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர் மருத்துவிச்சி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாலோ, நீங்கள் கர்ப்பிணியாகவோ பாலூட்டும் தாயாகவோ இருந்தாலோ இதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டையும் கர்ப்பகாலப் பதிவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் திரிபோஷா என்ற சத்துமாவைக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுப்பார்கள். ஒரு பைக்கட் 750 கிராம். சோளம், சோயா, பால்மா சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்குப் போசாக்குக் கொடுப்பனவும் உண்டு. அதற்கும் வழி இந்தப் பதிவுதான். திரிபோஷா சில மாதம் வந்து சேராது. வராத மாதத்தில் "முடிஞ்சுது" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பாதீர்கள். அடுத்த விநியோக நாளைக் கேட்டுப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிக் காசு. விண்ணப்பம் பிரதேச செயலகத்தில். 2025 தை மாதத்திலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா வரையும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் ஆக்கினார்கள். காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஏற்கனவே பழைய ஊரில் எடுத்துக்கொண்டிருந்தால் இடமாறியதைப் பிரதேச செயலகத்தில் அறிவியுங்கள். சந்தேகம் இருந்தால் 1924 க்கு அழைத்துக் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன், பெயரை உள்ளே போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டு வருபவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அக்கா அப்படி 3,000 ரூபா இழந்தார்.

2. கடன் கொப்பியிலிருந்து வெளியே வாருங்கள்

புதிதாக வருபவர்களைப் பிடிக்கும் முதல் பொறி இதுதான். பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனதோடுதான் கொப்பி போட்டுத் தருவார், அவரில் பிழை இல்லை. ஆனால் கொப்பி இருந்தால் 100 கிராம் பருப்பு, கால் போத்தல் எண்ணெய், ஒரு பைக்கட் சோயாமீட் என்று நாளாந்தம் வாங்குவோம். சின்னப் பைக்கட்டில் கிலோக் கணக்குக்கு விலை எப்போதும் கூட. கொப்பியில் எழுதிய விலையையும் நாங்கள் பார்ப்பதில்லை. பிள்ளைகள் போய் பிஸ்கட் எடுத்தால் அதுவும் அதில் ஏறும்.

ஒரேயடியாக விட முடியாது, அது எனக்குத் தெரியும். நான் செய்தது இப்படி. முதல் மாதம் அரிசியையும் பருப்பையும் மட்டும் கைக்காசுக்குக் கூட்டுறவுக் கடையிலோ அரசின் சதொசக் கடையிலோ கிலோக் கணக்கில் வாங்கினேன், மற்றதெல்லாம் கொப்பியில். அடுத்த மாதம் எண்ணெயும் சீனியும் கைக்காசுக்கு வந்தன. நான்காம் மாதம் கொப்பியில் சவர்க்காரமும் தீப்பெட்டியும்தான் நின்றன. வேலைக் காசு வந்த அன்றே இரவு, வேறு எதற்கும் தொடுமுன், அரிசிக்கும் பருப்புக்கும் உரியதைத் தனி ரின்னில் போட்டு வையுங்கள்.

அளவில் ஏமாற வேண்டாம். கௌபி, பயறு, கச்சானைச் சில இடங்களில் நிறுக்காமல் சுண்டு என்ற பேணியால் அளந்து விற்பார்கள். சுண்டு எல்லா இடமும் ஒரே அளவு இல்லை. "கிலோவிலை நிறுங்கோ அண்ணை" என்று கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். பாண் ஒரு இறாத்தல் 450 கிராம் இருக்க வேண்டும். நிறை குறைந்தாலோ, பைக்கட்டில் அடித்த விலைக்கு மேல் கேட்டாலோ நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இல் சொல்லலாம்.

3. அரிசியை நெல்லாக, தை மாசியில் வாங்குங்கள்

காசு மிச்சம் பிடிக்க எனக்குத் தெரிந்த பெரிய வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே காலபோக வெட்டு, அதாவது மாரிமழையில் செய்த நெல்லின் அறுவடை, தை, மாசியில் நடக்கும், சில வயல்களில் பங்குனி வரை இழுக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் இடங்களில் கோடையில் சிறுபோகமும் செய்வார்கள். வெட்டு முடிந்த கையோடு விதைப்புக் கடன் கட்டுவதற்காகக் கமக்காரர்கள் நெல்லை விற்பார்கள். அப்போது விலை விழும். ஐப்பசி, கார்த்திகையில் அதே நெல் நன்றாக ஏறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நெல் கொள்வனவு விலை "நாடு" என்ற நெல் வகைக்குக் கிலோ 120 ரூபா. 65 கிலோ நெல் மூட்டை ஒன்று அந்த விலைக்கு 7,800 ரூபா. குற்றினால் ஏறக்குறைய 42 கிலோ அரிசி வரும். 2024 டிசம்பரில் அரசு போட்ட உச்ச சில்லறை விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபா, ஆக 42 கிலோ 9,660 ரூபா. குற்றுகூலி போனாலும் ஒரு மூட்டையில் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். எங்கள் ஐந்து பேருக்கு மாதம் ஒரு மூட்டை. தவிடும் எங்களுக்கே, அது கோழிக்கு.

மூட்டைக் காசை ஒரேயடியாக எப்படிப் புரட்டுவது? நான் அயலில் மாதச் சீட்டுப் பிடித்து, என்னுடைய முறையைத் தை மாதத்துக்குக் கேட்டு வாங்கினேன். முதல் வருடம் மூன்று மூட்டைக்குத்தான் கட்டுப்படியானது. அதுவே சித்திரை வரை வயிற்றைக் காப்பாற்றியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மூட்டை எல்லாம் ஒரே நிறை இல்லை. எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டு, தராசில் போட்டு வாங்குங்கள். வெட்டு மெசினால் வெட்டியவுடன் நெல் ஈரமாக இருக்கும். அதை அப்படியே வாங்கிக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நெல்லோடு தண்ணீரின் நிறைக்கும் காசு கொடுத்ததாகும். நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். காய்ந்த நெல்லை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, இடையில் காய்ந்த வேப்பிலை போடுங்கள்.

நெல்லாகவே வைத்து மாதம் ஒருமுறை மட்டும் குற்றுங்கள். தவிடு ஒட்டிய அரிசி நாள்பட்டால் காறும். ஆலையில் "வெள்ளையாத் தீட்ட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பளபளவென்று தீட்டித் தந்துவிடுவார்கள். சத்து அந்தத் தவிட்டோடு போய்விடும். சிவப்பு நெல் கிடைத்தால் அதையே எடுங்கள். அவித்துக் குற்றினால் குத்தரிசி, அவிக்காமல் குற்றினால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா. இப்போது காலையில் பாணுக்குப் பதில் எங்கள் வீட்டில் பிட்டுத்தான், கிழமையில் இரண்டு நாள் குரக்கன் மா கலந்து.

4. பால்மாக் காசைப் பயற்றிலும் கௌபியிலும் போடுங்கள்

400 கிராம் பால்மா பைக்கட் ஆயிரம் ரூபாவைத் தாண்டிவிட்டது. அதில் இருக்கும் புரதம் ஏறக்குறைய 100 கிராம். ஒரு கிலோ கௌபியில் 230 கிராமுக்குக் கிட்ட இருக்கிறது. நான் அறுவடைக் காலத்தில் பால்மா விலையிலும் குறைவாக ஒரு கிலோ கௌபி வாங்கியிருக்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து பெரியவர்களுக்குப் பால்தேநீர் வைப்பதை நிறுத்தினேன். வெறுந்தேநீர், கூடப் பனங்கட்டித் துண்டு. மாமி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு பழகிவிட்டது.

மாரியில் போட்ட கச்சானைத் தை, மாசியில் பிடுங்குவார்கள். தோட்டத்திலேயே கோதோடு வாங்கிக் காயவைத்து வைத்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்குப் பல மாதத்துக்குப் போதும். பூஞ்சணம் பிடித்ததும் கசப்பதும் தெரிந்தால் எறியுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினம். அந்தத் தண்ணீரில் கௌபி எவ்வளவு அவித்தாலும் மசியாது, சமையல் காஸ்தான் தீரும். முதல் நாள் இரவே ஊறவையுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் அவியுங்கள். காலையில் அவித்த கௌபி, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், அவ்வளவுதான். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், தேநீர் பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் அது நன்றாகச் சேரும்.

5. மீனுக்குக் காற்றையும் மணியையும் பாருங்கள்

பெரிய மீன் துண்டு வாங்கினால்தான் சத்து என்று நினைத்து அறக்குளாவுக்கும் பாரைக்கும் ஆசைப்பட்டு, மாதம் இரண்டு முறைக்கு மேல் எங்களால் வாங்க முடியவில்லை. சூடை, நெத்தலி, காரல், கீரிமீன் எல்லாம் விலை குறைவு, முள்ளோடு தின்பதால் பிள்ளைகளுக்குக் கல்சியமும் கிடைக்கும். இப்போது கிழமையில் மூன்று நாள் மீன்.

வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றில், ஐப்பசியிலிருந்து தை வரை, முல்லைத்தீவுக் கரை கொந்தளிக்கும். அங்கே மீன் குறையும், விலை ஏறும். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் அந்தக் கரை அடங்கிக் கரைவலை இழுப்பார்கள், அப்போது மன்னார்ப் பக்கம் கலங்கும். மீன்காரரிடம் "எந்தக் கரை மீன் அண்ணை?" என்று கேட்டுப் பழகுங்கள். கலங்கிய கரையின் மீன் என்றால் ஐஸில் பல நாள் கிடந்ததாக இருக்கலாம். இரண்டு கரையும் சரியில்லாத நாட்களில் நெத்தலிக் கருவாடு கை கொடுக்கும். கழுவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து உப்பை இறக்கிச் சமையுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றும்போது குளத்து மீன் கூடப் பிடிபடும். திலாப்பியாவும் விராலும் காலையில் பெட்டியோடு வாசலுக்கே வரும். சேற்று மணம் பிடிக்காவிட்டால் புளித் தண்ணீரில் கழுவினால் போகும்.

பெட்டி கட்டி மோட்டார் சைக்கிளில் வருபவர் எங்கள் பக்கம் ஏழரைக்கு வருவார், அப்போது முழு விலை. பத்து மணிக்குத் திரும்பிப் போகும்போது மிஞ்சியதைக் கூறு போட்டுக் கொடுப்பார். "அக்கா, இதைக் கொண்டுபோய் என்ன செய்யிறது, எடுங்கோ" என்பார். எடுக்கலாம், ஆனால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்து, வயிறு இளகியிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

6. இலையை வேலியிலும் மரக்கறியைப் பின்னேரச் சந்தையிலும் எடுங்கள்

கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா பெரும்பாலும் மலைநாட்டில் விளைந்து தம்புள்ளைச் சந்தை வழியாக லொறியில் வருவது. மலைநாட்டில் பெருமழை என்றால் இங்கே விலை ஏறும். கத்தரி, வெண்டி, பூசணி, பயற்றங்காய், புடலை, மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, வாழைப்பொத்தி, பப்பாசி இந்த மண்ணில் விளைபவை. உங்கள் பையில் இவை முக்கால்வாசி இருந்தால் போதும். பூசணி முழுதாக வாங்கி நிழலில் வைத்தால் கிழமைக்கணக்கில் நிற்கும், வெட்டிய துண்டு நிற்காது.

சந்தைக்குக் காலையில் போனால் தெரிவு உண்டு, பின்னேரம் போனால் விலை உண்டு. நான் சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகுதான் கிளிநொச்சிச் சந்தைக்குப் போவேன். பஸ் காசைக் கணக்கில் சேருங்கள். ஒரு கிலோ கத்தரிக்காயில் 50 ரூபா மிச்சம் பிடிக்கப் பஸ்ஸுக்கு அதைவிடக் கூடக் கொடுப்பதில் பலன் இல்லை. நாங்கள் மூன்று வீட்டார் முறை வைத்துப் போகிறோம், போகிற ஆள் மற்ற இரண்டு வீட்டுக்கும் வாங்கி வருவார்.

இலைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். முருங்கையிலை, முசுட்டை, தவசிமுருங்கை, குறிஞ்சா, அகத்தி, பொன்னாங்காணி எல்லாம் வேலியிலும் வரம்பிலும் நிற்கும். மாமி எனக்குக் காட்டித் தந்தது இப்படி: முருங்கையிலையை முற்றலாக இல்லாமல் கொப்பின் நுனிக்குக் கிட்ட ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த நாள் தானாக உதிரும். இருந்து ஆய வேண்டிய வேலை மிச்சம். சோறு இறக்குவதற்குச் சற்று முன் வறை வைத்தால் பச்சை மாறாது. தெரியாத இலையைப் புத்தகம் பார்த்துப் பறிக்காதீர்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மருந்தடித்த தோட்டத்து வரம்பில் எதையும் பறிக்க வேண்டாம்.

தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது பாற்கறியைக் குறைத்தோம். பிழிந்து சக்கையை எறிவதைவிட, துருவி வறைக்கும் சம்பலுக்கும் போட்டால் அரைத் தேங்காயில் ஒரு நாள் ஓடும்.

7. பாலும் முட்டையும்

வளரும் பிள்ளைக்குப் பால் வேண்டும்தான், ஆனால் பைக்கட் தேவையில்லை. மாடு வைத்திருப்பவர் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. போத்தல் கணக்கில் காலைப்பால் எடுங்கள், நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். தண்ணீர் கலந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால், கறக்கும் நேரத்துக்குப் போய் நின்று வாங்குவதுதான் வழி.

நாலு ஊர்க்கோழி போதும். அரிசித் தவிடு, மீன்கழிவு, கறையான் தின்று வளரும். இரவில் கூட்டை இறுக்கி அடையுங்கள், மரநாய் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

எங்கள் ஐந்து பேருக்கு ஒரு கிழமைக்கு இப்போது போவது: அரிசியும் மாவுமாகப் பத்துக் கிலோ, கௌபியோ பயறோ ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ, சின்ன மீன் இரண்டு கிலோ, மரக்கறி ஆறு கிலோ, முட்டை பத்து, பால் ஐந்து போத்தல், தேங்காய் நாலு.

8. ஐப்பசிக்கு முன் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்

கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை முழங்கால் தண்ணீராகும். வேலையும் நிற்கும், மீன்காரரும் வரமாட்டார், கடையில் இருப்பதும் விலை ஏறும். முதல் வருடம் அந்த மூன்று கிழமையில்தான் கொப்பிக் கடன் இரண்டு மடங்கானது.

புரட்டாதி முடிவதற்குள் இவற்றைச் சேருங்கள்: இரண்டு மாத நெல்லோ அரிசியோ, மூன்று கிலோ கௌபி, ஒரு கிலோ நெத்தலிக் கருவாடு, கச்சான், ஒடியல் மா, உப்பு, புளி. முழுப் பூசணி மூன்றைப் பரணில் வையுங்கள். விறகை நனையாத இடத்துக்கு மாற்றுங்கள். பிள்ளைகளின் பதிவேடு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அஸ்வெசும ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வீட்டுக் கூரை வளையில் தொங்கவிடுங்கள். என் மகளின் இளஞ்சிவப்புப் புத்தகம் இப்போதும் அந்தப் பையில்தான் இருக்கிறது. கடைசி நான்கு புள்ளியும் பச்சையில்.